பாண்டிநாட்டுக்கு வந்த புரவிகள்: பேணலும் இழப்பும் பற்றிய ஒரு மறுநோக்கு

தென்னிந்தியாவின் குதிரை வாணிகம் பற்றி வரலாற்றாசிரியர் எழுதியவற்றுட் பெரும்பாலானவை விலை, துறைமுகம், படைவலி என்னும் மூன்றையுமே பொருளாகக் கொண்டவை. கப்பலிலிருந்து கரையிறக்கப்பட்ட குதிரை அதன்பின் எவ்வாறு வாழ்ந்தது, எதனை உண்டது, யார் கையில் வளர்ந்தது, எதனால் மடிந்தது என்னும் வினாக்கள் அவற்றில் அரிதாகவே எழுகின்றன. பிறநாட்டார் எழுதி வைத்த இரண்டொரு குறிப்புகளைக் கொண்டு, தமிழ்நாட்டார் குதிரை பேணும் முறை அறியாதவர் என்ற முடிபு எளிதில் கூறப்பட்டு, ஆராயப்படாமலே வழிவழியாக எடுத்தாளப்பட்டும் வந்துள்ளது. அம்முடிபு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதனையே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம். குதிரைகள் பெருந்தொகையாக இறந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. அவ்விறப்புக்குக் காரணம் யாது, பொறுப்பு யாருடையது என்பனவே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படும் வினாக்கள்.

1. சான்றுகள்

தமிழகத்துக்குக் குதிரைகள் கடல்வழியே வந்தமை பழமையான செய்தியாகும். காவிரிப்பூம்பட்டினத்தின் சிறப்பைப் பாடும் பட்டினப்பாலை, அங்கு வந்திறங்கிய பண்டங்களுள் கடல்வழி வந்த புரவிகளையும் சேர்த்துக் கூறுகிறது. ஈழத்து வரலாற்றிலும் இவ்வாணிகத்தின் சுவட்டைக் காணலாம். அநுராதபுரத்தைக் கைப்பற்றி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரையும் குதிரை கொணர்ந்த கப்பல் வணிகன் ஒருவனின் மைந்தர் என மகாவம்சம் குறிப்பிடுகிறது. பிற்காலச் சோழ, பாண்டியக் கல்வெட்டுகளிலே மலைமண்டலத்துக் ‘குதிரைச் செட்டிகள்’ இடம்பெறுகின்றனர். ஆகவே, பதின்மூன்றாம் நூற்றாண்டில் நாம் காணும் பெருவாணிகம் திடீரெனத் தோன்றியதொன்றன்று.

அந்நூற்றாண்டின் இறுதியில் மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் (ஆட்சித் தொடக்கம் 1268) அரசு செலுத்தினான். தாமிரபரணிக் கழிமுகத்திலிருந்த காயல் அந்நாளில் பாண்டிநாட்டின் தலைசிறந்த துறையாக விளங்கியது. இக்காலத்துக் குதிரைகளைப் பற்றி இருவர் எழுதிய குறிப்புகள் நமக்குக் கிடைத்துள்ளன. ஒருவர் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ. மற்றவர் பாரசீக வரலாற்றாசிரியரான வசாப்.

போலோ கூறுவதன் சாரம் வருமாறு: இந்நாட்டிற் குதிரைகள் பிறப்பதில்லை. ஓர்முசு, கீசு, தோபார், ஏடன் முதலிய இடங்களிலிருந்து வணிகர் அவற்றைக் கொணர்வர். உடன்பிறந்த அரசர் ஐவருள் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவர். ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சுவதில்லை. அவற்றைப் பேணத் தெரிந்தவர் இல்லாமையே இதற்குக் காரணம். நெல்லைத் தவிர வேறு தானியம் விளையாத நாடாதலின், சோற்றையும் இறைச்சியையும் சேர்த்துச் சமைத்து அவற்றுக்கு ஊட்டுவர். உயர்சாதிக் குதிரைகளை இணைத்து ஈன்றாலும், கால் கோணிய, ஏறிச் செலுத்த உதவாத குட்டியே பிறக்கும். இவற்றோடு போலோ மற்றொன்றையும் கூறுகிறார். குதிரை கொணரும் வணிகர் குதிரை மருத்துவரை இந்நாட்டுக்கு வரவிடுவதில்லை. குதிரைகள் இறப்பதே அவர்களுக்கு ஊதியம் என்பது அவர் கூற்று.

வசாப்பின் குறிப்பு வேறோர் இடத்திலிருந்து எழுகிறது. கீசுத் தீவின் அதிபதியும் பெருவணிகருமான சமாலுத்தீன் ஆண்டுதோறும் தம் குதிரைகளில் 1,400ஐப் பாண்டியனுக்கு அனுப்ப உடன்பட்டிருந்தார். பாரசீகக் குடாவின் பிற துறைகளிலிருந்தும் குதிரைகள் சென்றன. குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார் விலை விதிக்கப்பட்டது. வழியிற் குதிரை இறப்பினும் அதன் விலையை அரசே செலுத்த வேண்டும் என்பது உடன்பாடு. பச்சைத் தானியத்துக்குப் பதிலாக வறுத்த பார்லியையும் நெய்யிட்டுச் சமைத்த தானியத்தையும் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலையும் குடிப்பாட்டுகின்றனர் என்றும், நாற்பது நாள் பந்தியில் முளையடித்துக் கயிற்றாற் பிணித்துக் கொழுக்கவைத்து, பின்னர் பழக்காமலே ஏறிச் செலுத்துகின்றனர் என்றும், விரைவும் வலியும் மிக்க குதிரைகள் சிறிது காலத்திலேயே பயனற்றுப்போகின்றன என்றும் அவர் வியந்து எழுதுகிறார்.

2. சான்றுகளின் தன்மை

இவ்விரு குறிப்புகளும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துவன போலத் தோன்றினும் எச்சரிக்கையுடனேயே நோக்கற்பாலன. போலோ இந்நாட்டைக் கண்டவர். வசாப்போ பாரசீகத்திலிருந்து எழுதியவர். ஆயினும், குதிரைகளைப் பற்றிய செய்திகளை இருவர்க்கும் வழங்கியவர் பெரும்பாலும் குடாப்பகுதி வணிகராகவே இருத்தல் கூடும். அரசர் ஐவர், தலைக்கு இரண்டாயிரம் என்னும் போலோவின் கணக்குப் பத்தாயிரமாகிறது. வசாப் தரும் மொத்தத் தொகையும் பத்தாயிரமே. ஆனால் அவர் அதனுள் கம்பாயா முதலிய பிற துறைகளுக்குச் சென்றவற்றையும் அடக்குகிறார். ஆதலின், இவ்வெண்ணை எண்ணிப் பெற்ற தொகை என்று கொள்வதிலும், துறைமுகங்களில் வாய்வழி உலவிய பேரெண் என்று கொள்வதே பொருத்தமாகும்.

உணவைப் பற்றியும் இருவரிடையே வேறுபாடு உண்டு. நெல் ஒன்றே விளையும் என்கிறார் ஒருவர். வறுத்த பார்லியைப் பற்றிப் பேசுகிறார் மற்றவர். எனினும், சமைத்த தானியமும் கொழுப்பு மிக்க உணவும் ஊட்டப்பட்டன என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். இவ்வொற்றுமையை நாம் புறக்கணித்தல் இயலாது. அவ்வாறாயின், இவ்வுணவு முறை அறியாமையிற் பிறந்ததா என்பதே அடுத்து எழும் வினா.

3. அறிவு இருந்ததா?

விலங்கு மருத்துவம் இப்பகுதிக்கு அந்நியமானதன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகன் பொறித்த இரண்டாம் பாறைச் சாசனம், மனிதர்க்கும் விலங்குகட்கும் உரிய இருவகை மருத்துவமும் தன் நாட்டிலும் எல்லைப்புற நாடுகளிலும் ஏற்படுத்தப்பட்டதைக் கூறுகிறது. அந்நாடுகளின் வரிசையிற் சோழரும் பாண்டியரும் சத்தியபுத்திரரும் கேரளபுத்திரரும் தாம்பிரபரணியும் இடம்பெறுகின்றன. கி.பி. நான்காம் நூற்றாண்டில் அநுராதபுரத்தை ஆண்ட புத்ததாச மன்னன் யானைகளுக்கும் குதிரைகளுக்கும் படைவீரர்க்கும் மருத்துவரை நியமித்தான் எனச் சூளவம்சம் கூறும். சாலிகோத்திரர், நகுலன் ஆகியோர் பெயரால் வழங்கும் வடமொழி அசுவ நூல்கள் நாடெங்கும் பரவியிருந்தன. நகுலன் பெயரிலுள்ள அசுவசாத்திரம் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தாரால் 1952இல் பதிப்பிக்கப்பட்டமை இங்கு நினைவுகூரத்தக்கது.

இவற்றினும் முக்கியமானது கௌடலியர் பெயரால் வழங்கும் அர்த்தசாத்திரம் தரும் சான்று. அந்நூலின் இரண்டாம் அதிகரணத்தில் குதிரை அத்தியட்சகனின் கடமைகளைக் கூறும் ஓர் அத்தியாயம் உண்டு. குதிரை ஒவ்வொன்றின் குலம், வயது, நிறம், அடையாளம், வந்த வழி என்பன பதியப்படல் வேண்டும். பந்தியில் ஒவ்வொன்றுக்கும் போதிய இடமும் உணவுத் தொட்டியும் அமைதல் வேண்டும். மருத்துவர் பருவத்துக்கேற்ப உணவை மாற்றுதல் வேண்டும். மருத்துவரின் கவனக்குறைவால் நோய் முற்றின் சிகிச்சைச் செலவின் இருமடங்கும், மருந்தின் குறைபாட்டால் விபரீதம் நேரின் குதிரையின் விலையும் தண்டமாகும்.

அவ்வத்தியாயம் விதிக்கும் உணவு நம் ஆய்வுக்கு நேரே தொடர்புடையது. சிறந்த குதிரைக்கு நெல், பார்லி முதலிய தானியங்களுள் ஒன்றை ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுக்கலாம். வேகவைத்த பயறு அல்லது உழுந்து, எண்ணெய், உப்பு, ஐம்பது பலம் இறைச்சி, இறைச்சிச் சாறு அல்லது தயிர், சுவைக்காக மது அல்லது பால் என்பனவும் உரியன. குட்டி ஈன்ற குதிரைக்கு மூன்று நாள் நெய் கொடுக்கப்படும். போலோ கண்டு இகழ்ந்த சோறும் இறைச்சியும், வசாப் கேட்டு வியந்த நெய்யும் பாலும் இப்பட்டியலிலே உள்ளன. எனவே, பாண்டிநாட்டார் தாம் அறியாத விலங்குக்குத் தம் மனம்போன போக்கில் உணவிட்டனர் என்று கூறுதல் பொருந்தாது. வடபுலத்திலே சாத்திரமாக எழுதப்பட்டதொரு மரபோடு ஒத்த முறையையே அவர்கள் கையாண்டனர் எனலாம். அந்நூல் பாண்டியர் பந்தியில் ஓதப்பட்டது என்று நாம் வற்புறுத்தவில்லை. ஆனால், இது வெறும் அறியாமையன்று என்பதை நிறுவ இவ்வொப்புமையே போதியது.

4. குதிரையின் இயல்பு

அவ்வாறாயின் குதிரைகள் ஏன் இறந்தன? இதற்கு விடைகாண விலங்கியல் இன்று நமக்குத் தரும் அறிவைத் துணைக்கொள்ளல் வேண்டும்.

குதிரை புல் மேயும் விலங்காயினும் பசுவைப்போல அசைபோடுவதன்று. அதன் இரைப்பை உடலின் பருமனை நோக்க மிகச் சிறியது. எட்டு முதல் பதினைந்து லீற்றர் வரையே கொள்ளும். உண்டதை வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது. இயற்கையில் அது நாளின் பெரும்பகுதியைச் சிறிது சிறிதாக மேய்வதிலேயே கழிக்கிறது. நாரும் புல்லும் பெருங்குடலின் முற்பகுதியிலுள்ள நுண்ணுயிர்களாற் புளிக்கச் செய்யப்பட்டே அதற்கு வலுவாகின்றன. மாப்பொருள் மிக்க உணவு ஒரே வேளையிற் பெருமளவாகப் புகின், அது சிறுகுடலிற் செரியாது பெருங்குடலை அடைந்து அமிலமாக மாறும். அதன் விளைவாகக் கொடிய வயிற்றுவலியும், குளம்பின் உள்ளடுக்குகள் அழன்று நெகிழும் நோயும் தோன்றும். இரண்டும் உயிர்க்கு இறுதி பயக்கவல்லன. சோறும் நெய்யும் மனிதரிடையே விருந்துணவு; குதிரைக்கு அவை புல்லின் இடத்தைப் பிடிக்குமாயின் நஞ்சாகும்.

இங்கு ஒரு நுண்ணிய வேறுபாட்டை நோக்குதல் வேண்டும். அர்த்தசாத்திரம் சமைத்த தானியத்தையும் இறைச்சியையும் விதித்தபோதே, அவற்றோடு பெருமளவு பசும்புல்லையும் வைக்கோலையும் சேர்த்தே விதித்தது, நடைப்பயிற்சிகளையும் விரித்துரைத்தது. இன்றைய மருத்துவரும் குதிரை தன் உடலெடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கேனும் உலர்ந்த புல்லுணவை நாள்தோறும் பெறல் வேண்டும் என்பர். 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு இது 6 கிலோவாகும். பயணிகளின் குறிப்புகளிலே தானியமும் பாலும் பேசப்படுகின்றன, புல் பேசப்படவில்லை. வயல்கள் நெல்லுக்கே ஒதுக்கப்பட்ட மருதநிலங்களில் ஆயிரக்கணக்கான குதிரைகட்கு ஆண்டு முழுவதும் புல் தேடுதல் எளிதன்று. மரபின் விதிகளுள் ஒருபாதி நிலைத்தது, மறுபாதி நிலத்தின் இயல்பால் நலிந்தது என்று கருத இடமுண்டு.

கால் கோணிய குட்டி பற்றிய போலோவின் கூற்றும் கட்டுக்கதையாகாது. அரிசியிலும், சிறப்பாகத் தவிட்டிலும், பொசுபரசு மிகுதி. கல்சியம் மிகக் குறைவு. இவ்வுணவையே நெடுங்காலம் உண்ணும் குதிரையின் உடல் தன் எலும்பிலிருந்தே கல்சியத்தை இழக்கும், எலும்பு மென்மையுறும். இத்தகைய தாய் ஈன்று, அதே உணவில் வளரும் குட்டியின் கால் கோணுதல் எதிர்பார்க்கத்தக்கதே. பிற்காலத்திலே சென்னை மாகாணத்துக் குதிரைகளின் முதன்மைத் தானியமாகக் கொள்ளு விளங்கியது. கொள்ளில் கல்சியம் அரிசியினும் பன்மடங்கு மிகுதியாகும். கொள்ளையும் கடிவாளத்தையும் குதிரையோடு பிணைத்துப் பேசும் நம் பழமொழி, அனுபவத்தால் நேர்ந்த இத்திருத்தத்தின் நினைவைத் தாங்கிநிற்கிறது போலும்.

நாற்பது நாட் கட்டு பற்றிய வசாப்பின் செய்தியும் இவ்வாறே விளங்கும். நிறைய உண்டு அசையாது நின்ற குதிரையைத் திடீரெனக் கடுகி ஓட்டின், அதன் பின்தொடைத் தசைகள் இறுகிச் சிதையும், சிறுநீர் கருமையுறும், குதிரை நின்ற இடத்திலேயே வீழ்தலும் உண்டு. ஓய்வுநாளுக்கு மறுநாள் வண்டிக் குதிரைகளில் இந்நோய் தோன்றுவதை ஐரோப்பியக் குதிரைக்காரர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். நீண்ட கடற்பயணத்தின்பின் வந்த விலங்குக்கு ஓய்வளித்தமை தவறன்று. ஓய்விலிருந்து உழைப்புக்குப் படிப்படியாகக் கொண்டுவராமையே தவறாகும்.

எல்லா இறப்புக்கும் உணவையும் பழக்கத்தையும் காரணமாக்குதலும் நேர்மையாகாது. வறண்ட அரபு நிலத்துக் குதிரை, ஈரமும் வெம்மையும் கூடிய கடற்கரைக் காற்றில் வியர்க்கும் ஆற்றலையே இழந்துவிடுதல் உண்டு. வியர்வையற்ற குதிரை சிறு உழைப்புக்கும் மூச்சிரைத்து வீழும். உண்ணிகளாலும் ஈக்களாலும் பரவும் காய்ச்சல்களும் பல. அவற்றுள் ‘சுரா’ எனப்படுவதன் காரணமான நுண்ணுயிரைக் கிரிபித் எவன்சு பஞ்சாபிலே கண்டறிந்தது 1880இலேயே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மதுரையிலாயினும் வெனிசிலாயினும் இதனை அறிந்தார் எவருமிலர்.

5. வணிகரும் உடைமையாளரும்

உடற்கூற்றுக் காரணங்களோடு பொருளியற் காரணமொன்றும் உண்டு. இதுவே நம் கருத்திற் பெரிதும் கவனிக்கப்படாதது. வழியில் இறந்த குதிரைக்கும் விலை கிடைக்குமாயின், கப்பலில் நீரையும் புல்லையும் மிகுதியாக ஏற்றவேண்டிய தேவை வணிகர்க்கு இல்லை. குதிரை மருத்துவர் இந்நாட்டுக்கு வராதிருப்பின் அடுத்த ஆண்டும் அதே தொகை விற்கும். போலோவின் குற்றச்சாட்டு வணிகர்மேற் கூறிய மிகையாக இருக்கலாம். ஆயினும் வசாப் கூறும் உடன்பாட்டின் விதி அதே திசையிற் செல்கிறது. இரண்டு நூற்றாண்டுகளின்பின் விசயநகரத்திலும் இவ்வழக்கம் தொடர்ந்ததைப் போர்த்துக்கேயரான நூனிசு எழுதியுள்ளார். நரசிங்கராயன் ஆயிரம் பர்தாவுக்கு மூன்று குதிரைகளாக, உயிரோடிருப்பினும் இறந்திருப்பினும் வாங்கினான் எனவும், கடலில் இறந்தவற்றின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாற் போதும் எனவும் அவர் கூறுகிறார். பகைவர் கையில் குதிரைகள் சென்றுவிடலாகாது என்ற அச்சமே அரசரை இதற்கு இசைவித்திருக்கும். விற்போனுக்கு இழப்பில்லை, வாங்குவோனுக்கு எண்ணிக்கையே நோக்கம். குதிரை உயிர்வாழ்வதால் நேரடிப் பயன் பெறுவார் இவ்வொழுங்கில் எவருமிலர்.

அரசன் உடைமையாளனே ஒழியப் பேணுவோன் அல்லன். குதிரையின் மூச்சையும் சாணத்தையும் குளம்பின் சூட்டையும் நாள்தோறும் அறிபவர் வாதுவரும் பந்திக்காரருமே. குதிரை கொண்டுவந்த வணிகரின் பெயர் நூலேறியது. குதிரைச் செட்டிகளின் கொடை கல்லேறியது. பந்தியிற் பணிசெய்தோரின் அறிவு ஏடேறும் வாய்ப்பை அரிதாகவே பெற்றது. தமிழில் மாட்டு வாகடங்கள் பெருவழக்காக விளங்குவதை இதனோடு ஒப்புநோக்குதல் தகும். மாட்டை வைத்திருந்த உழவனே அதனைப் பேணினான். அதன் இறப்பு அவன் குடும்பத்தின் இழப்பாயிற்று. ஆதலின் அவ்வறிவு சேர்ந்தது, எழுதப்பட்டது, கைமாறியது.

மாணிக்கவாசகர் வரலாற்றோடு இணைந்த நரிபரி நிகழ்ச்சியையும் இங்கு நினைவுகூரலாம். குதிரை வாங்கக் கொடுத்த பொன் திருப்பெருந்துறையிற் செலவாகிறது; இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொணர்கிறான்; இரவிலே அவை மீண்டும் நரிகளாகிப் பந்தியிலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறி ஓடுகின்றன. இதன் சமயப் பொருள் வேறு. ஆனால், மாலையில் எண்ணிக் கட்டிய குதிரைகள் விடியலில் இல்லாதொழியும் என்ற அநுபவம் வாய்த்த சமூகத்துக்கு இக்கதை எளிதில் நம்பத்தக்கதாய் இருந்திருக்கும் என்று கூறுதல் மிகையாகாது.

6. நெடுந்தீவு

இதுகாறும் கூறியவற்றுக்கு மறுதலையானதோர் எடுத்துக்காட்டு நம் கண்முன்னே உள்ளது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே பாக்குநீரிணையில் அமைந்த நெடுந்தீவிலே ஐரோப்பியர் குதிரை வளர்த்தனர். ஒல்லாந்தத் தளபதிகள் தம்மைத் தொடர்ந்து வருவோர்க்கு விட்டுச்சென்ற நினைவுக் குறிப்புகளிலே இவ்வளர்ப்பும் பேசப்படுகிறது. பிரித்தானியராட்சியின் தொடக்கத்திலும் அது நீடித்தது. பின்னர் அது கைவிடப்பட்டபோது குதிரைகள் கட்டவிழ்ந்து தீவின் வெளிகளில் உலவின. அவற்றின் வழிவந்த சிறிய உருவக் குதிரைகள் இன்றும் அங்கு வாழ்கின்றன. சோறூட்டுவாரும் நெய்யூட்டுவாரும் இல்லை, முளையடித்துக் கட்டுவாருமில்லை. சுண்ணக்கல் நிலத்தில் முளைக்கும் புல்லும், நாள் முழுதும் நடந்து மேயும் வாழ்வும் அவ்வினத்தைத் தலைமுறை தலைமுறையாக நிலைபெறச் செய்துள்ளன. தமிழ் நிலத்தின் காற்றும் வெம்மையும் குதிரைக்கு எவ்வகையாலும் ஒவ்வாதன என்ற கருத்தை இவை பொய்யாக்குகின்றன.

ஆயினும், மனிதப் பேணல் தேவையற்றது என்று இதிலிருந்து முடிபு கொள்ளலாகாது. நெடுந்தீவின் குறை நீர். நன்னீர் அரிதான அத்தீவிற் கோடை நீளும்போது குதிரைகள் தாகத்தால் மடிந்த செய்திகள் பலமுறை வெளிவந்துள்ளன. குதிரை ஒன்றுக்கு நாளொன்றுக்கு இருபத்தைந்து லீற்றருக்குக் குறையாத நீர் வேண்டும். வெயிற்காலத்தில் அதனினும் மிகும். 2015இல் அங்கு தேசிய வனம் பிரகடனப்படுத்தப்பட்டமை அவற்றுக்குச் சட்டத்தின் காவலைத் தந்தது. சட்டம் நீரூற்றாது, கோடையில் தொட்டிகளை நிரப்பும் கைகளே அக்குதிரைகளைக் காப்பன.

7. முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பின்வருவன பெறப்படும். பாண்டிநாட்டிற் குதிரைகள் மிகுதியாக மடிந்தன என்பது கொள்ளத்தக்கதே. ஆயின் பயணிகள் தரும் எண்கள் அவ்வாறே ஏற்கத்தக்கன அல்ல. அவர்கள் இகழ்ந்த உணவு முறை பழைய மருத்துவ மரபொன்றோடு ஒத்தது. அம்மரபில் புல்லும் பயிற்சியும் பெற்ற இடம் பாண்டிநாட்டிற் குன்றியமையே கேடாயிற்று. தட்பவெப்பமும் அறியப்படாத நோய்களும் தம் பங்கைச் செய்தன. இவையனைத்துக்கும் மேலாக, இறந்த குதிரைக்கும் விலை கொடுத்த வாணிக ஒழுங்கு, குதிரையின் நலத்தை எவர்க்கும் உரியதாகாத பொருளாக்கிற்று.

உயர்ந்த விலைகொடுத்து வாங்கிய குதிரைக்குத் தம் உணவினுட் சிறந்தவற்றையே பாண்டிநாட்டார் ஊட்டினர். அதில் அன்பின்மையோ அலட்சியமோ இல்லை. தமக்கு நல்லது குதிரைக்கும் நல்லதாகும் என்று கருதியதே அவர்கள் பிழை. கல்வெட்டுகளிலும் இலக்கியங்களிலும் பந்திக்காரர், வாதுவர், புல் அறுப்போர் பற்றி வரும் குறிப்புகள் ஒருசேரத் தொகுக்கப்படின், இப்பிழையை உணர்ந்து கொள்ளுக்கும் புல்லுக்கும் திரும்பியோரின் வரலாற்றை எழுதுதல் இயலும். அப்பணி இனிச் செய்யப்படவேண்டியதொன்றாகும்.